நூற்று முப்பத்தேழாம் எண்ணின் இருமல்

ஐரின் ஒரு பழைய துப்பாக்கியைத் தப்பான வகையில் எழுதினால் அந்தத் துப்பாக்கி இருமும். பேகம்பூர் புகையிலைக் கிடங்கில் வேலை பார்த்த அத்தனை பேரும் இதற்குச் சாட்சி. அந்த அத்தனை பேரும் ஐரினும் அவருடைய வீட்டுக்காரர் மிக்கேல்ராஜும் மட்டும்தான் என்பதால் சாட்சியின் மதிப்பு குறைந்துவிடாது. வகை தப்பானால் ஒரு இருமல். காலம் தப்பானால் இரண்டு. செய்த ஊரை மாற்றி எழுதினால் இருமாது. பந்தியில் தன் இலைக்கு மட்டும் அப்பளம் வராத பெரிய மனிதர் மாதிரி லேசாகச் செருமும். எல்லாம் சரியாக இருந்தால் சத்தமே வராது, எடையில் மட்டும் அரைக்கால் பலம் குறையும். ஐரின் முதல் வாரம் பயந்தார், இரண்டாவது வாரம் வியந்தார், மூன்றாவது வாரம் நோட்டில் 'இருமல்' என்று தனியாக ஒரு கட்டம் போட்டுக்கொண்டார்.

துப்பாக்கிகள் வந்து சேர்ந்த கதை சின்னது. திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கக்கூஸ் தொட்டி தோண்டினார்கள். பதினோராவது அடியில் இருநூற்றுப் பதினான்கு துப்பாக்கிகள் வேப்பெண்ணெய் தடவி, ஓலைப்பாயில் சுருட்டி, ஹாஸ்டல் பிள்ளைகள் மாதிரி வரிசையாகப் படுத்துக் கிடந்தன. கோட்டையில் இருந்துவிட்டுப் போனவர்கள் ஒருவரா இருவரா. யார் புதைத்துவிட்டுப் போனது என்று யாருக்கும் தெரியாது. மண்டபக்காரர் தொட்டியை வடக்குப் பக்கம் தோண்டிக்கொண்டு முகூர்த்தத்தைத் தவறவிடாமல் பார்த்துக்கொண்டார். சென்னையிலிருந்து ஒரு குழு வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் பேகம்பூரில் காலியாகக் கிடந்த புகையிலைக் கிடங்கில் அடுக்கிவைத்தது. இனிமேல் எவர் எந்தக் கிணற்றில் எந்தப் பழைய துப்பாக்கியைக் கண்டெடுத்தாலும் புரட்டிப் பார்த்து 'இது இன்ன வகை' என்று தெரிந்துகொள்ளும்படி ஒரு பெரிய அட்டவணை போடுவது என்று குழு முடிவு செய்தது. அதை எழுத, முப்பத்து நான்கு வருடம் கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போட்டு ஓய்வு பெற்ற ஐரினைக் கூப்பிட்டார்கள். துப்பாக்கி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதே என்றார் ஐரின். புத்தகம் பற்றியும் அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் ஒரு புத்தகம்கூட இடம் மாறி நின்றதில்லை என்று விசாரித்துத்தான் வந்திருந்தார்கள்.

அது உண்மைதான். வகைப்படுத்துகிறவள் வாசிக்கக் கூடாது என்பது ஐரினின் சட்டம். முதுகைப் பார், முதல் பக்கத்தைப் பார், அளவெடு, எண் போடு, மூடிவை. உள்ளே போனவள் திரும்ப மாட்டாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு தடவை ஒரு புத்தகத்தைத் திறந்து ரெண்டு பக்கம் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார். அதற்குள் ஐப்பசி போய் மார்கழி பிறந்திருந்தது, மேசையில் இரண்டு மாதத் தூசி. அன்றிலிருந்து அட்டைக்கு உள்ளே அவர் போனதில்லை. இன்னொரு சட்டமும் உண்டு. 'இதர' என்ற வகையில் ஒன்றையும் தள்ளக் கூடாது. இதர என்பது வகை இல்லை, சோம்பேறித்தனம் என்பார். முப்பத்து நான்கு வருடத்தில் அந்தச் சொல்லை அவர் மையால் எழுதியதில்லை.

இரண்டரை வருடம் வேலை நடந்தது. உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற மிக்கேல்ராஜ் துப்பாக்கிகளைத் தூக்கி வந்து வெங்காயத் தராசில் நிறுத்துவார். ஐரின் அளந்து எழுதுவார். திரியைப் பற்றவைத்து மருந்தில் அழுத்திச் சுடுகிற திரித்துப்பாக்கிகள் எண்பத்தாறு. கல்லில் இரும்பு உரசிப் பொறி பறக்கிற சக்கிமுக்கித் துப்பாக்கிகள் நூற்று நான்கு. ஆள் தோளில் தாங்க முடியாமல் மதில்மேல் வைத்துச் சுடுகிற மதில் துப்பாக்கிகள் இருபத்து மூன்று. கோட்டைக்கு உள்ளே இருந்து சுட்டதையும் வெளியே இருந்து சுட்டதையும் ஒரே அலமாரியில் வைத்தால் காலையில் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும். அதனால் இரண்டு அலமாரி வாங்கினார்கள். எழுபத்திரண்டாம் எண்ணை ஐரின் கடல் கடந்து வந்தது என்று எழுதியபோது அது மதியம் வரை செருமிக்கொண்டே இருந்தது. ஊரை அடித்துவிட்டு 'திண்டுக்கல்' என்று எழுதினார். உடனே அடங்கியது. அன்று சாயந்தரம் மிக்கேல்ராஜ் அதன் முன்னால் நின்று, "நம்ம ஊருப் பயலா நீ? சொல்ல வேண்டியதுதானே" என்று கேட்டார்.

கூட்டிப் பார்த்தால் இருநூற்றுப் பதின்மூன்றுதான் வரும். மிச்சம் ஒன்று நூற்று முப்பத்தேழு.

நூற்று முப்பத்தேழாம் எண் பார்த்தவுடனே தெரிகிற திரித்துப்பாக்கி. வாத்துக் கழுத்து மாதிரி வளைந்த கட்டை, திரியைக் கவ்விப் பிடிக்க யாளி வாய் வைத்த கொக்கி, நாலு அடி ஓர் அங்குலக் குழல். ஐரின் காப்பி ஆறுவதற்குள் 'திரித்துப்பாக்கி' என்று எழுதினார். அது இருமியது. சக்கிமுக்கி என்று மாற்றினார், இருமியது. மதில் துப்பாக்கி, வேட்டைத் துப்பாக்கி, கோயில் திருவிழாவில் வேட்டுப் போடுகிற துப்பாக்கி என்று எழுதிப் பார்த்தார். இருமல் நிற்கவில்லை. ஒரு நூற்றாண்டு முன்னே தள்ளினார், ஒன்று பின்னே இழுத்தார். புத்தகம் வரவழைத்தார். வெளிநாட்டுக்கு எழுதிப் போட்டார்; அங்கிருந்து பதில் வந்த கவரைப் பிரிக்கும்போதே இருமியது. பதினான்கு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் தாங்காமல் பென்சிலால் 'இதர' என்று எழுதிப் பார்த்தார். நூற்று முப்பத்தேழு இருமலை அடக்கிக்கொண்டது. டாக்டர் முன்னால் இருமித் தொலைக்காதே என்று வீட்டார் சொல்லிக் கூட்டி வந்த கிழவர் அடக்கிக்கொள்வாரே, அந்த மாதிரி. குழல் மட்டும் நடுங்கியது. ஐரின் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ரப்பரை எடுத்து அந்தச் சொல்லை அழித்தார். அழித்த தூளை ஊதிய பிறகுதான் அது பெரிதாக ஒரு இருமல் இருமி ஆசுவாசப்பட்டது.

அப்போதுதான் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. குழுத் தலைவர் இளஞ்செழியன் கையெழுத்து. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறோம், அட்டவணை அன்றே அச்சுக்குப் போகிறது, வகை தெரிந்தது பழம்பொருள், அலமாரியில் இருக்கலாம். வகை தெரியாமல் இதரவில் வருவது ஆயுதம், அன்றைக்கே உலைக்கு ஏற்றப்படும். கடிதம் அவ்வளவுதான். ஐரின் அதை நாலு தடவை படித்தார். படிக்கிற வழக்கம் இல்லாதவர்.

"ஒண்ணுதானே ஐரினு" என்றார் மிக்கேல்ராஜ். "இருநூத்திப் பதிமூணு தேறிருச்சு. நம்ம ஸ்கூல்ல எந்த வருசம் இம்புட்டு ரிசல்ட்டு?"

"அந்த ஒண்ணு உங்க புள்ளையா இருந்தா இப்படிச் சொல்லுவீங்களா?"

மிக்கேல்ராஜ் போய் நூற்று முப்பத்தேழை ஒரு துணியால் போர்த்திவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கிடங்குக் கதவை யாரோ தட்டினார்கள். பக்கத்துக் காம்பவுண்டு சேக் பரீது. வியாழக்கிழமைதோறும் அய்யலூர்ச் சந்தையில் ஆடு பிடித்துவந்து சுவருக்கு அந்தப் பக்கம் அடைத்து வைப்பவர். பள்ளிக்கூடத்தில் மிக்கேல்ராஜிடம் ஓட்டப் பந்தயத்துக்கு அடி வாங்கியவர்.

"அக்கா, சண்டைக்கு வரல. சீக்கு ஆட்ட இப்படிச் செவுத்தோரம் கட்டி வைக்கலாமா? நேத்து எறக்குன நாப்பது உருப்படி, ஒண்ணும் தீனி எடுக்கல. ஒட்டிக்கிட்டா நான் எங்க போவேன்?"

"இங்க ஏது ஆடு, பரீது?"

"அப்ப இருமுறது சாரா?"

"ஏலே, நான் இருமுனா நாலு தெருவுக்குக் கேக்கும்" என்றார் மிக்கேல்ராஜ். "அது துப்பாக்கி."

சேக் பரீது தாடியைத் தடவினார். "துப்பாக்கியா" என்றார். அப்புறம், "எத்தனை நாளா?" என்றார்.

"பதினாலு மாசம்."

"தண்ணி காட்டுனீங்களா? சரி, கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. காட்டுங்க, பாப்போம்."

போர்வையை விலக்கி, நூற்று முப்பத்தேழின் குழலில் காதை வைத்துச் செத்த நேரம் நின்றார். விலா இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டு விரலால் தட்டினார். அது இருமியது. சேக் பரீது தலையை ஆட்டினார்.

"சளி இல்லக்கா. சளின்னா அடிவயித்துலருந்து கரகரன்னு வரும். இது தொண்டை. மாங்கொட்டைய முழுங்குன கிடா இப்படித்தான் இருமும். எதையோ முழுங்கிட்டுத் துப்பத் தெரியாம நிக்குது. உள்ள பாத்தீங்களா?"

"அளந்தேன்" என்றார் ஐரின்.

"எதை?"

"வெளிய."

"வெளிய அளந்தா மாங்கொட்ட எப்படிக்கா தெரியும்?"

இருநூற்றுப் பதினான்கு குழல்களில் ஒன்றுக்குள்ளும் ஐரின் எட்டிப் பார்த்ததில்லை. முதுகைப் பார்த்தார், முகப்பைப் பார்த்தார், அளவெடுத்தார், மூடிவைத்தார். முப்பத்து நான்கு வருடச் சட்டம் ஒரு ஆட்டு வியாபாரி முன்னால் நின்று முழித்தது. மிக்கேல்ராஜ் அதற்குள் மருந்து இடிக்கிற கோலை எடுத்து வந்துவிட்டார். ஐரின் வாங்கிக் குழலுக்குள் விட்டார். நாலு அடி ஓர் அங்குலக் குழல். கோல் மூணு அடி ஒன்பதில் 'டொக்' என்று நின்றது. இன்னொரு தடவை விட்டார். டொக். மீதி நாலு அங்குலத்தில் யாரோ குடியிருந்தார்கள்.

"கெட்டிச்சது" என்றார் மிக்கேல்ராஜ். "ஐரினு, இது கெட்டிச்ச துப்பாக்கி. மருந்தும் இருக்கு, குண்டும் இருக்கு. போட்டவன் சுடாமயே போயிட்டான்." சொல்லிவிட்டு அறுபத்து மூன்று வயதில் கிடங்கைச் சுற்றி மூன்று சுற்று ஓடிவிட்டு வந்தார். நூற்று முப்பத்தேழு மூன்று சுற்றுக்கும் மூன்று தடவை இருமியது.

ஐரினுக்குச் சந்தோஷத்தில் நாற்காலியில் உட்கார முடியவில்லை, பயத்தில் நிற்க முடியவில்லை. வகை தப்பில்லை, முதல் நாள் காப்பி ஆறுவதற்குள் எழுதியதே சரி. ஆனால் மணி ஒன்பதேகால். கெட்டித்த துப்பாக்கியைக் குழுவிடம் காட்டினால் இதரகூடத் தேவைப்படாது, நேரே உலைதான்.

"நல்லெண்ணெய் இருக்கா?" என்றார் சேக் பரீது.

அரை டம்ளர் நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகக் காய்ச்சினார்கள். நூற்று முப்பத்தேழை மேசைமேல் கிடத்தி, தலைமாட்டை உயர்த்தி, குழல்வாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். மருந்து நனைந்தால் புஸ்ஸென்று போய்விடும், கவலை இல்லை என்றார் சேக் பரீது. பிறகு கட்டையைத் தாழ்வாய் இருத்திக் குழலைத் தொடைமேல் போட்டுக்கொண்டு, பிஸ்மில்லா சொல்லி, அடியிலிருந்து வாய்வரை நீவ ஆரம்பித்தார். ஐரின் சிலுவை போட்டுக்கொண்டு மறுபக்கம் நீவினார். ஒன்றே கால் மணி நேரம். இடையிடையே சேக் பரீது, "துப்புடா அப்பு, துப்புடா, ஒண்ணும் செய்ய மாட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பத்து ஐம்பத்தைந்துக்குக் குழல் ஒருமுறை விம்மியது. வாயில் நெல்லிக்காய் அளவில் ஈயக்குண்டு ஒன்று எட்டிப் பார்த்தது.

பார்த்தது, நின்றுவிட்டது. வெளியே வரவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. லேசாக முன்னும் பின்னும் ஆடியது.

"இழுக்கட்டுமா?" என்றார் ஐரின்.

"தொடாதே" என்றார் மிக்கேல்ராஜ். முப்பத்தொரு வருடம் கோட்டில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தவர். "அது மாட்டிக்கிட்டு நிக்கல. நிப்பாட்டி வச்சிருக்காங்க. 'இரு, சொல்றேன்'னு எவனோ சொல்லியிருக்கான். சொல்ல வேண்டியவன் சொல்லாமயே செத்துட்டான். இருநூறு வருசத்துக்கு மேல கோட்டுல நிக்குதுடி பாவம்."

துப்பாக்கியை மேசைமேல் வாசலைப் பார்க்க வைத்தார்கள். மிக்கேல்ராஜ் சட்டையை உள்ளே செருகிக்கொண்டார். பக்கவாட்டில் நின்று வலது கையை உயர்த்தினார்.

"ஆன் யுவர் மார்க்."

குண்டு ஆடுவதை நிறுத்தியது.

"செட்."

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பது ஆடுகளும் அசை போடுவதை நிறுத்தின. மிக்கேல்ராஜ் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார்.

குண்டு புறப்பட்டது. சத்தம் இல்லை, புகை இல்லை. எண்ணெய் சொட்ட, நெஞ்சு உயரத்தில், சந்தைக்குப் போகிற ஆட்டின் வேகத்தில் காற்றில் நடந்தது. நூற்று முப்பத்தேழு அதன் பின்னால் நீளமாக ஒரு மூச்சு விட்டது. கிடங்கு முழுக்கப் பழைய மருந்தும் நல்லெண்ணெயும் மணந்தது. அதே நேரத்தில் வாசலில் குழுத் தலைவர் இளஞ்செழியன் நுழைந்தார். நெஞ்சுக்கு நேரே ஒரு குண்டு வருவதைக் கண்டு நல்ல விவேகத்தோடு உடம்பை ஒதுக்கிக்கொண்டார். நீட்டிய கையில் இருந்த ஃபைலை ஒதுக்க மறந்துவிட்டார். குண்டு ஃபைலின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்து, தெருவில் இறங்கி, இடது பக்கம் திரும்பியது.

அதன்பிறகு எவர் கிடங்கில் நிற்பார்? இளஞ்செழியன் முன்னால் ஓட, மிக்கேல்ராஜ் விசிலோடு அவரை முந்த, ஐரின் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் ஓடினார். சேக் பரீது திறந்துவிட்டு வந்த கதவு வழியாக நாற்பது ஆடுகளும் வந்தன. குண்டு பிரியாணிக் கடை வாசலில் தம் உடைத்த ஆவிக்குள் நுழைந்து வேகம் குறைந்தது. அந்த இடத்தில் எவருக்குமே குறையும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையைச் சாய்த்து வழி விட்டுவிட்டு எலும்பைத் தொடர்ந்தார்கள். பூ மார்க்கெட்டில் ஒரு கூடை கனகாம்பரத்தைத் துளைத்துக்கொண்டு போனது. பெருமாயி என்ற பூக்காரி, "கண்ணு தெரியலயா? சுத்திப் போனா கொறஞ்சா போயிருவ?" என்று அதைத் திட்டினார், குண்டு அடுத்த கூடையைச் சுற்றிப் போனது. பஸ் ஸ்டாண்டில் வத்தலக்குண்டு பஸ்ஸின் பின்வாசலில் ஏறியது. "ஏறுனா உள்ள போ, படியில நிக்காத" என்றார் கண்டக்டர். உள்ளே போய் முன்வாசல் வழியாக இறங்கி, அந்த வேகத்திலேயே மேற்கே போயிற்று. கூட்டம் கைதட்டியது. ஐரின் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெருவில் நின்று விரலை மடக்கி வாயில் வைத்துச் சீட்டி அடித்தார். அது அவருக்கு வரும் என்று மிக்கேல்ராஜுக்கே அன்றுதான் தெரியும்.

கிடங்குக்குத் திரும்ப மணி ஒன்றாகிவிட்டது. இளஞ்செழியன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மேடம், அந்தக் குண்டு இந்தச் சேகரிப்பைச் சேர்ந்ததா?"

"ஆமா சார். நூத்தி முப்பத்தேழு."

"அப்ப ஏன் வெளியே போகுது?"

நூலகத்தில் முப்பத்து நான்கு வருடம் இதே கேள்விக்கு ஒரே பதில் சொன்ன வாய், யோசிக்காமல் சொன்னது. "இரவல் சார்."

இளஞ்செழியன் அதைக் குறித்துக்கொள்ள ஃபைலைத் திறந்தார். அட்டவணைப் படிவம் நாற்பது தாளிலும் ஒரே இடத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஓட்டை. தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். திரித்துப்பாக்கிக் கட்டம் இருந்தது, சக்கிமுக்கி இருந்தது, மதில் இருந்தது. இதர இருந்த இடத்தில் தெரு தெரிந்தது.

"இதுல எழுத இடமே இல்லையே மேடம்."

"இல்ல சார்" என்றார் ஐரின்.

ஐரினே பேனாவை எடுத்து நூற்று முப்பத்தேழுக்கு எதிரே மையால் 'திரித்துப்பாக்கி' என்று எழுதினார். சேக் பரீது குழலில் காதை வைத்தார். எண்ணெய் உள்ளே இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது; அப்புறம் அதுவும் இல்லை. மிக்கேல்ராஜ் தராசில் தூக்கி வைத்தார். குண்டின் எடையும் மருந்தின் எடையும் கழித்து, எண்ணெயின் எடையைக் கூட்டி, அரைக்கால் பலம் குறைந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆடுகள் தீனி எடுக்க ஆரம்பித்தன.

அட்டவணை அச்சாகி வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இதர என்ற வகை அதில் கிடையாது. ஏன் என்று யாரும் எழுதிக் கேட்கவில்லை. வகை எழுதுமுன் குழலுக்குள் பார்க்கவும் என்று முன்னுரையில் ஐரின் ஒரு வரி சேர்த்திருக்கிறார். குண்டு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. யாரைச் சுடக் கெட்டித்தார்களோ அவர் இல்லை என்பது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும், அவசரப்படுவதில்லை. வியாழக்கிழமைகளில் அய்யலூர்ச் சந்தையில் ஆடுகளுக்கு நடுவே போவதைச் சேக் பரீது பார்க்கிறார். காந்திகிராமம் பக்கம் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் நாலு மணிக்கு அது வரப்பைத் தாண்டியதும் மோட்டாரை நிறுத்துகிறார்கள். வத்தலக்குண்டில் கொடைக்கானல் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதற்கும் கொஞ்சம் ஒதுங்கி இடம் விடுகிறார்கள். அட்டவணையில் நூற்று முப்பத்தேழாம் எண்ணுக்கு நேரே, நிலை: நன்று, குண்டு: இரவலில் என்று இருக்கிறது. திரும்ப வேண்டிய தேதிக்கு ஒரு கட்டம் உண்டு. ஐரின் அதைக் காலியாக விட்டிருக்கிறார். தாமதத்துக்கு அவர் யாரையும் கோபித்துக்கொண்டதில்லை.